வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்தாச்சு, கணக்கு ஏன் உதைக்குது?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி, கேரளப் பக்கம் மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தென்னந்தோப்புகளில் கேட்கிற புகார்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். மோட்டார் சுடுகிறது, ஹீட்டர் மந்தமாக இருக்கிறது, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் சுவிட்ச்) நிற்பதில்லை. மின்வாரியம் மாறும், ரசீதின் மொழி மாறும், ஓம் விதி மாறாது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இவ்வளவு எளிய கணக்கு தப்பாக வருகிறதென்றால் தப்பு பெரும்பாலும் கணக்கில் இருக்காது, அளந்த விதத்தில் இருக்கும்.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில், ஒரே பொருளின் இரு முனைகளுக்கு, லோடு ஓடும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். காலையில் மெயின் போர்டில் பார்த்த 230 வோல்ட்டையும் மத்தியானம் கிணற்றடியில் பார்த்த 10 ஆம்பியரையும் வகுத்து வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. கீழே உள்ளவற்றில் பாதி, இந்த விதியை மீறியதால் வருபவை.

கருவிகள்: ஒரு மல்டிமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர். 230 வோல்ட் லைனில் வைக்கும் மீட்டரில் கேட்-3 (CAT III) என்ற பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து வைத்து லைவ் லைனில் அளப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. மற்றவர்கள் அவர் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு கணக்கைப் போடலாம்.

"ஹீட்டர் கொதிக்குது, கிளாம்ப் மீட்டர் சைபர் காட்டுது"

இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறீர்கள். லைனில் போகும் கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தின்றுவிடும். லைன் வயரை மட்டும் தனியே பிரித்துக் கவ்வுங்கள். மூன்று கோர் கேபிளின் மேலுறையைக் கிழிக்க மனமில்லையென்றால், வயர்கள் பிரிந்து நிற்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அளக்கலாம்.

மல்டிமீட்டரை வரிசையில் சேர்த்து அளக்கும்போது சைபர் வந்து, லோடும் ஓடவில்லையென்றால், மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போயிருக்கும். யாரோ சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பிளக் பாயிண்டில் வோல்ட் பார்த்திருப்பார்கள். ஆம்பியர் துளை என்பது ஏறக்குறைய நேர் கம்பி. அதை லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வைப்பது ஷார்ட் வைப்பதற்குச் சமம். போன பியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர், அதே வோல்ட் மதிப்புள்ள பியூஸைத்தான் போட வேண்டும். வெள்ளிக் காகிதம் சுற்றிய மீட்டர் அடுத்த தவறில் கையிலேயே வெடிக்கும்.

பேட்டரி கரண்ட்டுக்குச் சைபர் வந்தால் உங்கள் கிளாம்ப் ஏ.சி. மட்டும் அளப்பது. டி.சி.க்கு வேறு கிளாம்ப் வேண்டும்.

எல்.இ.டி. பல்பு மாதிரிச் சின்ன லோடுக்கு 0.0 என்று நின்றால், லைன் வயரைக் கிளாம்பின் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள்.

விடை ஆயிரம் மடங்கு கூடவோ குறையவோ வருகிறது

மில்லி ஆம்பியரை ஆம்பியர் என்று எடுத்திருக்கிறீர்கள். 75 மில்லி ஆம்பியர் என்பது 0.075 ஆம்பியர். மீட்டர் தானாக ரேஞ்ச் மாற்றும் வகையாக இருந்தால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தில் தெரியும் எழுத்தைப் பாருங்கள்.

"ஓம்-ல வெச்சா ஒண்ணு, வகுத்துப் பார்த்தா இன்னொண்ணு"

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். பல சமயம் இரண்டு எண்ணுமே சரியாக இருக்கும் என்பது இதில் வேடிக்கை.

கோழிக்குஞ்சுக் கூண்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230-ஐ அதால் வகுத்தால் சுமார் 880 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 60, 70 ஓம்தான் வரும். பல்பு பழுதில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறது. தடை பன்னிரண்டு, பதினான்கு மடங்கு ஏறிவிடுகிறது. ஓம் 1827-ல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாமல் இருக்கும் கம்பிக்குச் சொன்னது. நிக்ரோம் காயில் உள்ள ஹீட்டரில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. அதனால்தான் பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் ஹீட்டரே ஏற்றது.

மோட்டாரில் காரணம் வேறு. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் ஒரு மோட்டாருக்கு வகுத்தால் 23 ஓம் வரும். வைண்டிங்கை மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு மூன்று ஓம். உடனே "வைண்டிங் ஷார்ட்" என்று முடிவுகட்டி மோட்டாரை மேலே தூக்கிவிடுவார்கள். முந்நூறு அடி போரிலிருந்து பைப்பைக் கழற்றி எடுக்கும் கூலி வீண். ஓடும் மோட்டாரில் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது கம்பியின் தடை மட்டுமல்ல. சுருளின் காந்தத் தன்மையும், சுழலும்போது உள்ளேயே பிறக்கும் எதிர் வோல்ட்டும் சேர்ந்துதான் அந்த 23. வைண்டிங் ஷார்ட்டா என்று பார்க்க வகுத்தல் உதவாது. மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் மூன்று ஜோடி முனைகளையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் அந்தச் சுருளைச் சந்தேகிக்கலாம்.

சின்னத் தடைகளை அளக்கும்போது மீட்டரின் சொந்த வயர்களே 0.2, 0.3 ஓம் சேர்க்கும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய தடைகளில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கும்: இரண்டு கை விரல்களும் உலோக முனைகளில் பட்டிருந்தால் உங்கள் உடம்பும் பக்கத்தில் ஒரு தடையாகச் சேர்ந்து, எண் குறையும்.

1500 வாட் ஹீட்டர், வெந்நீருக்கு அரை மணி நேரம்

லேபிளில் உள்ள 1500 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால்தான். ஹீட்டரின் நிலையான குணம் அதன் தடை: 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 35.3 ஓம். சாயங்காலம் எல்லாத் தோப்பிலும் மோட்டார் எடுத்துவிட்ட நேரத்தில் வோல்ட் 190-க்கு இறங்கினால், 190-ஐ 190-ஆல் பெருக்கி 35.3-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1,023 வாட். வோல்ட் 17 சதவீதம் குறைந்ததற்கு வாட் 32 சதவீதம் போய்விட்டது, ஏனென்றால் வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 1500 வாட்டில் 21 நிமிடம் போதும். 1,023 வாட்டில் 31 நிமிடம். காயிலை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது.

230 வோல்ட் இருந்தும் மந்தம் என்றால், ஓடும்போது ஆம்பியரைப் பாருங்கள். 6.5 வர வேண்டும். 3.2 வந்தால், இரட்டைக் காயில் ஹீட்டரில் ஒன்று அறுந்திருக்கிறது.

வோல்ட் குறைந்தால் ஹீட்டரின் ஆம்பியரும் குறையும். மோட்டாருக்கு அந்தக் கணக்கை வைக்கக் கூடாது. அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ள வேண்டியிருப்பதால் வோல்ட் இறங்கும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் 12 ஆனால் கம்பிச் சூடு 1.2 மடங்கு அல்ல, 1.44 மடங்கு. லோ வோல்ட்டேஜில் ஹீட்டர் சோம்பும், மோட்டார் வேகும்.

மோட்டாருக்கு வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கூடுதலாக வருகிறது

அது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டரால் (அதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்கினால்தான் வாட். பவர் ஃபேக்டர் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு வீட்டுச் சுவரிலேயே ஒன்று தொங்குகிறது: மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பில் எழுதியிருக்கும். 3200 என்றிருந்தால், 1125-ஐ ஒரு சிமிட்டலுக்கான விநாடிகளால் வகுங்கள், வாட் வந்துவிடும். 1600 என்றிருந்தால் 2250-ஐ வகுங்கள்.

எடுத்துக்காட்டு: மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றரை எச்.பி. மோட்டார் மட்டும் ஓடுகிறது. 225 வோல்ட், 10.5 ஆம்பியர். பெருக்கினால் 2,362. பத்துச் சிமிட்டலுக்கு 6 விநாடி, அதாவது ஒன்றுக்கு 0.6. வாட் 1,875. பவர் ஃபேக்டர் 1,875-ஐ 2,362-ஆல் வகுத்த 0.79. இதே மோட்டாரில் ரன்னிங் கெபாசிட்டர் பலவீனமானால் ஆம்பியர் ஏறும், பவர் ஃபேக்டர் இறங்கும். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க, மோட்டார் நல்ல நிலையில் இருக்கும் நாளிலேயே இந்த மூன்று எண்களையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்குள் எழுதி வையுங்கள்.

1,875 வாட் உள்ளே போகிறதே, ஒன்றரை எச்.பி. என்றால் 1,119 வாட்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எச்.பி. என்பது தண்டு வெளியே தரும் திறன். மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது.

மூன்று பேஸில் 415 வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதை மூன்றால் பெருக்குவது வழக்கமான தப்பு. பெருக்க வேண்டியது 1.732. 5 எச்.பி. மோட்டார் 7.5 ஆம்பியர் இழுத்தால்: 1.732 × 415 × 7.5 × 0.82 = ஏறக்குறைய 4,420 வாட். மூன்றால் பெருக்குவதென்றால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள 240-ஐ எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் அதே விடைதான். மூன்று பேஸிலும் ஆம்பியர் எடுத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து மூன்றுக்கும் சொல்லாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் இலவச மின்சார இணைப்புகள் பலவற்றில் மீட்டரே கிடையாது. அங்கே சிமிட்டல் வித்தை நடக்காது, வாட் அளக்கும் கிளாம்ப்தான் வேண்டும்.

எல்.இ.டி. பல்புக்கும் இதே பதில். 9 வாட் பல்பு 75 மில்லி ஆம்பியர் இழுத்தால் பெருக்கல் 17 காட்டும். பல்பு ஏமாற்றவில்லை, பவர் ஃபேக்டர் பாதிதான். அதற்கு வகுத்து வரும் ஓம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உள்ளே இருப்பது கம்பி அல்ல, மின்னணு சர்க்யூட்.

சாளையில் 226, கிணற்றடியில் 213

சாளைக்கும் (தோப்பு வீட்டுக்கும்) கிணற்றடிக்கும் நடுவே, வழியில் வோல்ட் காணாமல் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் ஓம் விதி இருக்கிறது.

மோட்டாரை ஓட விட்டு இரண்டு முனை வோல்ட்டையும் கழித்து ஆம்பியரால் வகுப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் பவர் ஃபேக்டர் குறுக்கே வந்து, கேபிளின் தடை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கிணற்றடிப் பெட்டியில் ஒரு 1500 வாட் வெந்நீர்க் கம்பியை வாளித் தண்ணீரில் முக்கி லோடாகப் போடுங்கள். அது ஓடும்போதே சாளையில் ஒருவர், கிணற்றடியில் ஒருவர் நின்று போனில் சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் வோல்ட் எடுக்க வேண்டும்.

சாளையில் 226, கிணற்றடியில் 213, கரண்ட் 6.04 ஆம்பியர் என்று வைப்போம். இழந்தது 13 வோல்ட். 13 ÷ 6.04 = 2.15 ஓம்.

இனி கேபிளுக்கு இருக்க வேண்டிய தடை. 20 டிகிரியில் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு: ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) 12.1 ஓம், இரண்டரை ஸ்கொயர் 7.41, நான்கு ஸ்கொயர் 4.61, ஆறு ஸ்கொயர் 3.08. தோப்பில் 110 மீட்டர் தூரம் இரண்டரை ஸ்கொயர் போட்டிருந்தால், கணக்குக்கு எடுக்க வேண்டியது 220 மீட்டர், ஏனென்றால் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும். போகும் வழியை மட்டும் கணக்கிட்டுப் பாதி விடை வாங்குவது இங்கே நிரந்தரமான தப்பு. 220 மீட்டருக்கு 1.63 ஓம். வெயிலில் கிடக்கும் கேபிள் 45 டிகிரி என்றால், டிகிரிக்கு 0.39 சதவீதமாகப் பத்து சதவீதம் கூடும்: 1.79 ஓம்.

அளந்தது 2.15, இருக்க வேண்டியது 1.79. மிச்சம் 0.36 ஓம் கேபிளில் இல்லை, ஜாயிண்டுகளில் இருக்கிறது. மோட்டார் 11 ஆம்பியர் இழுக்கும்போது 11 × 11 × 0.36 = 44 வாட். ஒன்றிரண்டு ஜாயிண்டில் ஒரு சால்டரிங் அயர்னுக்கும் மேலான சூடு. இன்சுலேஷன் டேப் கருகியிருப்பது அதனால்தான்.

மொத்த 2.15 ஓமுக்கு 260 வாட் வீண். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். ஆறு ஸ்கொயர் கேபிள் போட்டு ஜாயிண்ட்டையும் ஒழுங்காகச் செய்தால் அதே 45 டிகிரியில் 0.74 ஓம், 90 வாட். மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்ட் கூடுவது அதைவிடப் பெரிய லாபம்.

இரண்டு எண்ணும் ஒத்துப்போய், கேபிளிலும் ஜாயிண்டிலும் குறையில்லை, ஆனால் சாளையிலேயே 190 என்றால் பிரச்சினை உங்கள் கம்பத்துக்கு அந்தப் பக்கம். லோடு போட்டபோதும் போடாதபோதும் எடுத்த வோல்ட்டை நேரத்தோடு குறித்து மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். எண் இருந்தால் புகாருக்கு எடை கூடும்.

ஜாயிண்ட் சுடுகிறது, ஆனால் ஓம் மீட்டர் சைபர் காட்டுகிறது

0.1 ஓமை மல்டிமீட்டரால் பார்க்க முடியாது. அது தன் வயரின் தடைக்குள் மறைந்துவிடும். லோடு ஓடும்போது, அதே வயரில் ஜாயிண்டுக்கு முன்னும் பின்னும் வோல்ட் முனைகளை வையுங்கள். 10 ஆம்பியரில் 1.2 வோல்ட் வந்தால் 0.12 ஓம், 12 வாட் சூடு. நல்ல ஜாயிண்ட் சில மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டாது. இதே வழியில் எம்.சி.பி.யையும் (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) சோதிக்கலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி. முழு லோடில் 3.5 வாட்டுக்கு மேல் இழக்கக் கூடாது, 3.5-ஐ 16-ஆல் வகுத்தால் 0.22 வோல்ட். அரை வோல்ட் காட்டினால் முதலில் ஸ்குரூவை முறுக்கிப் பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கிய ஜாயிண்ட் கட்டாயம் கெடும். அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படியும்; ஈரம் பட்டால் அரிக்கும்; சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாததால் தளரும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். இரண்டு உலோகத்துக்குமான பைமெட்டல் லக் போடுவதே தீர்வு. டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுவது சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும்.

மருந்தடிக்கும் பேட்டரி பம்ப்: மீட்டரில் 12.6, பீய்ச்சினால் சாகிறது

லோடு இல்லாமல் எடுத்த வோல்ட் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்லாது. பம்ப் ஓடும்போது 11.4 வோல்ட், 3 ஆம்பியர் என்றால், 12.6-லிருந்து இழந்த 1.2 வோல்ட்டை 3-ஆல் வகுக்க 0.4 ஓம். 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி நல்லதாக இருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் வர வேண்டும். பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன், பேட்டரி முனையில் ஒரு தரம், பம்ப் முனையில் ஒரு தரம் எடுங்கள். பேட்டரியில் 12.4, பம்பில் 11.4 என்றால் சுவிட்சோ மருந்து பட்டு அரித்த வயரோ காரணம். நூறு ரூபாய் சுவிட்சுக்காகப் பேட்டரி மாற்றுவது அதிகம் நடக்கிறது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, அல்லது எர்த் இருந்தும் பைப்பில் ஷாக்

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழ, 230-ஐ 0.03-ஆல் வகுத்த 7,667 ஓம் கசிவுப் பாதை போதும். நடைமுறையில் 15-க்கு மேலேயே விழலாம், அதற்கு 15,000 ஓம் போதும். வைண்டிங்குக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டர் எல்லையில்லாத் தடை காட்டினாலும் நம்பாதீர்கள்; அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. 1 மெகா ஓமில் கசிவு 0.23 மில்லி ஆம்பியர். 10,000 ஓமில் 23 மில்லி ஆம்பியர், அதாவது சில நாள் விழும், சில நாள் விழாது. மழைக்குப் பிறகு மட்டும் விழுந்தால் மோட்டாரை விட்டுவிட்டு கேபிள் ஜாயிண்டை முதலில் பாருங்கள்.

ஷாக் கணக்கு இன்னும் முக்கியம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், லைன் மோட்டார் உடம்பில் பட்டாலும் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. பைப் முழு வோல்ட்டோடு நிற்கும். குழிக்குள் 2,600 வாட் சூடு இறங்கி, சுற்றியுள்ள மண்ணைக் காய வைத்துத் தடையை இன்னும் ஏற்றும். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் கரிசல் உண்டு. கோடையில் அது வெடித்துக் கம்பியை விட்டு விலகும். மழைக்காலத்தில் எடுத்த எர்த் அளவை மார்ச், ஏப்ரலில் நம்பக் கூடாது. குழிக்குத் தண்ணீர் விடுங்கள், இரண்டாவது குழி எடுத்து இரண்டையும் இணையுங்கள், ஆனாலும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் விடாதீர்கள். அது இருந்தால், கசிவு மெல்ல ஏறும்போது அதே 20 ஓமில் 30 மில்லி ஆம்பியர் போகும்போதே விழும். 20 × 0.03, பைப்பில் ஏறியிருப்பது 0.6 வோல்ட். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தரம் அமுக்குங்கள். பட்டன் அமுக்கி விழுவது ஆர்.சி.சி.பி.யின் நலத்தை மட்டும் காட்டும். எர்த் குழியை எர்த் டெஸ்டர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும்.